மக்ரூன் பெட்டியும் இன்ஜின் ரப்பரும்

என் மகன் போன மாதம் மின்சார ஸ்கூட்டர் ஒன்று வாங்கினான். முதலில் என்னைத்தான் ஏற்றுவேன் என்று ஒரே பிடிவாதம். ஏறி உட்கார்ந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "எப்பல ஸ்டார்ட் பண்ணப் போற?" என்றேன். "ஆன்லதாம்மா இருக்கு" என்றான். முறுக்கினான், வண்டி போய்விட்டது. ஒரு உறுமல் இல்லை, ஒரு உதறல் இல்லை. என்ன வண்டியோ, என்ன காலமோ!

நம்ம செட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது புரியும். பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து ஊர் சுற்றியவர்கள் நாம். வெயிலில் கிடந்த டாங்க் தொடையைப் பொசுக்கும். இறங்கின பிறகும் கொஞ்ச நேரம் உடம்பு நடுங்கிக்கொண்டே இருக்கும். ஓடுகிற வண்டியில் "ஆ" என்று இழுத்தால் குரல் ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி உடைந்து உடைந்து வரும். வேண்டுமென்றே அப்படிக் கத்திக் கத்திச் சிரிப்பேன். அப்பா குனிந்துகூடப் பார்க்கமாட்டார். அவருக்குத்தான் காது கேட்காதே.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாம் வகுப்புக்குப் போவதற்கு நடுவில் வந்த முழுப்பரீட்சை லீவு அது.

என் அப்பா சங்கு குளித்தவர். தூத்துக்குடி கடற்கரையில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேருக்கு அதுதான் வேலை. முத்துக் குளித்ததெல்லாம் தாத்தா காலத்தோடு சரி, அப்பா காலத்தில் சங்குதான். வள்ளத்தில் ஒரு டீசல் மெஷின் காற்றடிக்கும். அந்தக் காற்று நீளமான ஓஸ் வழியாகக் கீழே வரும். ஓஸ் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலடியில் சங்கு பொறுக்குவார்கள். இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மேலே இருந்து அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் மச்சினனாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்களிடம் ஒரு பழக்கம். கூடப் பிறந்த அண்ணன் தம்பிகூட ஆகாது. மச்சினன் என்றால் அக்காள் தாலி அவன் கையில் இருக்கிறது, கண் அசரமாட்டான் என்ற நம்பிக்கை. அப்பாவுக்குக் கயிறு பிடித்தது என் மாமா, அம்மாவின் தம்பி. மெஷினையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஒருநாள் அப்பா ஆழத்திலிருந்து திடுதிப்பென்று மேலே வந்துவிட்டார். அப்படி வரக் கூடாது. நின்று நின்று, மெல்ல வர வேண்டும். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வடிந்து கழுத்தில் காய்ந்திருந்தது. "அத்தான் எதுக்கோ பயந்துட்டாரு" என்று மாமா வள்ளத்து முதலாளியிடம் சொன்னார். முதலாளி தெருவில் சொன்னார். தெரு ஊரில் சொன்னது. மறுத்து அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அவரை யாரும் கடலுக்குக் கூப்பிடவும் இல்லை. மாமாவும் கடலை விட்டுவிட்டுத் துறைமுக ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துகொண்டார்.

அப்பாவுக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் ஓயாத ஒரு இரைச்சல், அவ்வளவுதான். எதிரே நின்று வாயசைத்தால் புரிந்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் வெடி வெடித்தாலும் தெரியாது. இது வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே கேட்டால், "அவுகளுக்குக் கொஞ்சம் மந்தம்" என்பாள் அம்மா. சொந்தத் தம்பியிடமும் அதையேதான் சொல்லி வைத்திருந்தாள். உண்மை தெரிந்தால் அவன் உடைந்துபோவான் என்பாள்.

மறைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்பாவுக்கு ஒரு பேக்கரியில் வேலை கிடைத்திருந்தது. மக்ரூன் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு காயல்பட்டினம், சாகுபுரம், சாயர்புரம் என்று கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காது கேட்காதவனிடம் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? விஷயம் தெரிந்தால் வண்டியும் போச்சு, வேலையும் போச்சு. அம்மா எனக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருந்தாள். மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, "யார் கேட்டாலும் வாயத் தொறக்கப்பிடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அப்பா எப்படித்தான் ஓட்டினார் என்று கேட்பீர்கள். அம்மா கூடவே போனாள். டாங்கின் மேல் நான், அடுத்து அப்பா, அவருக்குப் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து அம்மா, அவளுக்கும் பின்னால் கேரியரில் தகரப்பெட்டி. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் இடது தோளில் ஒரு தட்டு. நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு தோளையும் சேர்த்து ஒரு அமுக்கு. தெருக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "புருசன நம்பாம வேவு பாக்கப் போறா." காயல்பட்டினத்தில் ஏதோ ஒரு பெண்ணோடு அப்பாவுக்குத் தொடுப்பு என்றுகூட ஒருத்தி கதை கட்டினாள். அம்மா அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் மானம் போகும். சத்தியம் செய்து தொலைத்துவிட்டேனே, வாயைத் திறக்க முடியாது!

வண்டி ஏற்கெனவே மூன்று கை மாறியது. நூறு சிசி, டூ ஸ்ட்ரோக். நீல டாங்க், வலது பக்கம் ஒரு சொட்டை. அது உதறின உதறல் இருக்கிறதே, அப்பப்பா! நின்ற இடத்தில் நிற்காமல் தானாக நகரும். ஹெட்லைட் பல்பு மாதம் ஒன்று போகும். அம்மாவின் கண்ணாடி வளையல் தானாகக் கலகலவென்று அடித்துக்கொள்ளும். அப்பாவுக்கு அந்த உதறல் பிடித்திருந்தது. அதை மட்டும் நான் கவனித்திருக்கிறேன். ஸ்டார்ட் செய்துவிட்டு டாங்கின் மேல் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்திருப்பார். பிறகுதான் ஏறுவார். வண்டிக்கு சலாம் வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

உதறலில் நாசமானது மக்ரூன். நம் ஊர் மக்ரூன் உங்களுக்குத் தெரியாதா! முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்த்து, உச்சி கூராக, தொட்டாலே பொடிகிற சாதி. கூர் ஒடிந்தால் கடைக்காரர் வாங்கமாட்டார். காயல்பட்டினத்துக் கடைகளில் சொல்லவே வேண்டாம். லீவு முடிந்து துபாய்க்கும் ஜித்தாவுக்கும் திரும்புகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வாங்குவது, ஒடிந்ததைத் தொடமாட்டார்கள். எங்கள் பெட்டியைத் திறந்தால் பாதி மக்ரூனுக்குத் தலை இருக்காது. ஒடிந்ததையும் தூளையும் அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். டம்ளரில் அள்ளிப் போட்டுச் சுடுபால் ஊற்றிக் குடிப்பேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அந்த லீவில் நான் மாதாவிடம் கேட்டதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஒடியட்டும் என்பதுதான்.

மாதா கேட்டுவிட்டாள். ஒருநாள் பெட்டியில் முழுசாக ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பேக்கரி அண்ணாச்சி சாயர்புரம் பக்கத்து ஆள். பருத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, கிட்டே வந்தால் வெண்ணிலா எசன்ஸ் வாசனை. சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் கோபப்பட்டால் குரலை ஏற்றமாட்டார், இறக்குவார். அப்பாவை எதிரே நிறுத்தி, "தம்பி, இது சரிப்பட்டு வராது. வண்டி ஆட்டத்த நிறுத்துங்க. இல்லன்னா நான் வேற ஆளப் பாக்க வேண்டியதிருக்கும்" என்றார். அம்மா அன்று ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் மாமா வந்து வண்டியின் வயிற்றுக்குள் தலையைக் கொடுத்துப் பார்த்தார். "ரப்பர் செத்துப் போயிட்டு அத்தான்" என்றார். எனக்கு அப்போதுதான் தெரியும், இன்ஜின் சட்டத்தில் நேராக உட்கார்ந்திருப்பதில்லையாம். நடுவில் ரப்பர் வைத்த புஷ் இருக்குமாம். இன்ஜின் உதறுகிற உதறலை அந்த ரப்பர் வாங்கிக்கொண்டு ஆளுக்கு விடாமல் வைத்திருக்குமாம். இந்த வண்டியில் ரப்பர் வெடித்து, எண்ணெயில் ஊறிக் கூழாகி, இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டிருந்தன. "நல்ல கம்பெனி ரப்பரா மதுரயிலருந்து வரவழைக்கேன். நீங்க பாருங்க, மடியில ஒறங்குத மாதிரி போவும்" என்றார் மாமா. அப்பாவுக்கு எதையாவது செய்யக் கிடைத்தால் போதும் மாமாவுக்கு. சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கிவிடுவார். ஏன் இந்த மனிதருக்கு இவ்வளவு பரபரப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுப் பின்னால் வேப்பமரத்தடியில்தான் வேலை. இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்தார். உப்புக்காற்றில் போல்ட்டெல்லாம் துருவேறி இறுகிப் போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார், தட்டினார், திட்டினார். பழைய புஷ்ஷை நீளமான போல்ட்டும் குழாய்த்துண்டும் வைத்துத் திருகித் திருகி வெளியே இழுத்தார். புதுசை சோப்புத் தண்ணீரில் முக்கி உள்ளே ஏற்றினார். பழைய ரப்பரை நான் எடுத்துக்கொண்டேன். அழி ரப்பர் செய்யலாம் என்று நோட்டில் தேய்த்தேன். பக்கம் முழுக்கக் கரி ஆனது. அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கியதுதான் மிச்சம்.

புது ரப்பர் போட்ட வண்டி உண்மையிலேயே வெண்ணெய் மாதிரி ஓடியது. செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் மூன்று பேரும் காயல்பட்டினத்துக்குக் கிளம்பினோம். அம்மாவின் வளையல் சத்தம் இல்லை. "ஆ" என்று கத்திப் பார்த்தேன், குரல் உடையவே இல்லை. ஆனால் அப்பா சரியாக இல்லை. டாங்கின் மேல் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கிளம்பும்போதே இரண்டு தரம் ஆஃப் ஆனது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்யப் பார்த்தார். அம்மா தோளைத் தட்டித் தலையை ஆட்டினாள்.

உப்பளங்கள் வருகிற இடத்தில் முன்னால் ஒரு உப்பு லாரி மெதுவாகப் போனது. அப்பா வேகத்தைக் குறைத்தார். குறைத்த அந்த நொடியில் அவர் உடம்பு விறைத்ததை என் முதுகு உணர்ந்தது. கிளட்ச்சைப் பிடித்தார். முறுக்கினார். இன்னும் முறுக்கினார். இன்ஜின் அலறுகிறது, உப்பு வாருகிற பெண்களெல்லாம் நிமிர்ந்து கத்துகிறார்கள், அம்மா இரண்டு தோளையும் பிடித்து உலுக்குகிறாள். அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. கிளட்ச்சை விட்டார். வண்டி ஒரே தாவாகத் தாவி எங்கள் மூன்று பேரையும் பெட்டியோடு உப்பளத்து வாய்க்காலில் கொண்டுபோய்ப் போட்டது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு முழங்கை, எனக்கு முட்டி. உரிந்த முட்டியில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மக்ரூன் பூராவும் வாய்க்காலில் மிதந்தது. அழுதுகொண்டே ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கரித்தது. துப்பிவிட்டு இன்னும் சத்தமாக அழுதேன்.

ஓடிவந்தவர்களில் ஒரு ஆள், "காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டான் பாரு. பொண்டாட்டி பிள்ளைய வச்சிக்கிட்டு!" என்றான். அவன் வாயை அப்பா பார்த்தார், புரிந்துகொண்டார். தலையைக் குனிந்து, "கொஞ்சம் கூடிட்டு அண்ணாச்சி, மன்னிச்சிக்கிடுங்க" என்றார். குடிக்காத மனிதர்! கிறிஸ்துமஸுக்குக்கூடத் தொடமாட்டார். அம்மா ஆத்திரத்தில் வாயெடுத்தாள். அப்பா அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். குடித்துவிட்டு விழுந்தான் என்றால் வைது மறுபடி வேலை கொடுப்பார்கள். செவிடன் என்று தெரிந்தால் கொடுக்கமாட்டார்கள். அந்தக் கணக்கெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அன்று என் அப்பாவைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பேக்கரி அண்ணாச்சி குடியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "ஒரு வாரம் வண்டிய எடுக்காண்டாம். யோசிச்சுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அப்பா வண்டியை வேப்பமரத்தில் சாய்த்து, மேலே பழைய சாக்கைப் போட்டு மூடினார். முற்றத்தில் உட்கார்ந்து கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சாயந்திரம் மாமா வந்தார். அவருக்குத் தன் வேலையில்தான் பிசகு என்று எண்ணம். சாக்கை விலக்கினார், ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பானர் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "அத்தான், ரப்பர் சுத்தமா ஒக்காந்திருக்கு. எங்கன தப்புன்னே வெளங்கல. எப்படி விழுந்தீங்க?" என்று அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்பா அதைக் கேட்கவில்லை. அவருக்கே உரிய பெரிய குரலில், "மெஷின் நின்னுட்டுன்னு நெனச்சேன் மாப்ள" என்றார்.

"நிக்கலையே! அலறிட்டுல்லா இருந்திருக்கு. சனமெல்லாம் சொல்லுதாவ."

"எனக்குக் கேக்காதுல. ரெண்டு காதும் கேக்காது. நீ பேசுதது உன் வாயப் பாத்துத்தான் தெரியுது. வண்டி ஓடுதா நிக்கான்னு எனக்குக் கையும் காலும் சொன்னாத்தான் உண்டு. நீ போட்ட ரப்பர் அத வாங்கி வச்சிக்கிடுது. ஒண்ணும் வரல. தண்ணிக்கு அடியில ஓஸக் கடிச்சிக்கிட்டு இருக்கும்போது மெஷின் துடிப்பு பல்லுல தெரியும்லா? அது நின்னா எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஆயிட்டு. பதறிட்டேன்."

மாமா கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. மண்ணிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுதுகொண்டே ஏதோ சொன்னார். அப்பா அவர் கையைப் பிடித்து முகத்திலிருந்து விலக்கினார். "வாயத் தெறந்து சொல்லு. பொத்திக்கிட்டா எனக்குத் தெரியாது."

"அன்னைக்கு மெஷின் நின்னுட்டுத்தான் அத்தான்" என்றார் மாமா. "கண்ணு அசந்துட்டேன். பெல்ட்டு கழண்டது தெரியல. மொதலாளிக்குப் பயந்துபோயி ஒம்ம தலையில போட்டுட்டேன். ரெண்டு வருசமா நெஞ்ச அரிக்கி."

அம்மா வாயில் முந்தானையை அமுக்கிக்கொண்டாள். எனக்கு மாமாவை அடிக்க வேண்டும் போல இருந்தது. ரெண்டு வருஷமாக ஊர் என் அப்பாவைப் பயந்தாங்கொள்ளி என்றது இவரால்தானே.

அப்பா சொன்னது இரண்டே வார்த்தை. "தெரியும் மாப்ள."

"தெரியுமா?"

"துடிப்பு நின்னது என் பல்லுக்குத் தெரியாதா? நின்ன பொறவு கயித்த இழுத்துத் தூக்குனது யாரு? நீதானே. நீ மட்டும் இழுக்கலன்னா இங்கன ஒக்காந்திருக்கமாட்டேன். விடு." சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்து மாமா கையில் கொடுத்தார். "ரப்பர மாத்து. எனக்கு அந்த ஒதறல் வேணும். நாலு நாள்தான் இருக்கு."

மறுநாள் காலையிலேயே மாமா வந்துவிட்டார், கண் வீங்கிப் போய். துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிற கன்வேயர் பெல்ட்டின் கழிவுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே கித்தான் அடுக்கு வைத்த ரப்பர், கத்தி இறங்காது. அதில் வட்ட வட்டமாக வெட்டினார். நடுவில் சூடு காட்டிய கம்பியால் ஓட்டை போட்டார். ரப்பர் பொசுங்கிய நாற்றம் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும் அளவுக்குப் போனது. வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரு பக்கமும் இரும்பு வாஷர் கொடுத்து, மெத்தென்ற கம்பெனி ரப்பர் இருந்த இடத்தில் திருகி இறுக்கினார்.

அப்புறம் நடந்ததை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். அப்பா வண்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மாமா இன்ஜினை ஓடவிட்டு மெல்ல மெல்லத் தணிப்பார். துடிப்பு தெரிகிறவரை அப்பா ஒரு விரலை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். முதல் தரம் ரொம்ப இறுக்கம். ஹெட்லைட் கண்ணாடியே கிடுகிடுவென்று ஆடியது. "இது என் பல்லையும் கழட்டிரும்ல" என்றார் அப்பா. இரண்டாம் தரம் வட்டத்தைக் குறைத்தார், இன்ஜின் தணியும் முன்பே விரல் இறங்கிவிட்டது. மாமா அவிழ்ப்பார், சேர்ப்பார், பூட்டுவார். சட்டை முழுக்க வேர்வை. அடுத்த நாள் மத்தியானம், எந்த அடுக்கில் என்று ஞாபகமில்லை, இன்ஜின் பூனை மூச்சு விடுகிற அளவுக்குத் தணிந்தும் அப்பாவின் விரல் இறங்கவில்லை. "இருக்கு" என்றார். மாமா சொல்லாமல் கொள்ளாமல் சாவியைத் திருப்பினார். உடனே விரல் இறங்கியது. "நின்னுட்டு" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. மாமா அவரை அப்படியே கட்டிக்கொண்டார்.

சரி, அப்பாவுக்குத் துடிப்பு வந்துவிட்டது. மக்ரூன்? பழையபடி பொடியப் போகிறதே! இரண்டு ஆண்களும் அப்போதுதான் அதை நினைத்துப் பார்த்தார்கள். முகம் செத்துவிட்டது. மாமா கழற்றிப் போட்ட கம்பெனி ரப்பரை அம்மா லேஞ்சியில் துடைத்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டைக்கு எங்கள் தெருவில் அதுதான் பேர். "ஏல, இத பெட்டிக்கு அடியில வச்சா என்ன?" என்றாள் தம்பியிடம். "குலுங்கக் கூடாதது பெட்டிதானே. அவுக இல்லையே."

மாமா அவளையே பார்த்தார். "இத மொதல்லயே சொல்லப்பிடாதாக்கா?"

"என்ட்ட எவன் கேட்டான்?"

கேரியரில் நான்கு மூலைக்கும் ரப்பர் வைத்துப் பெட்டியைப் பூட்டினார்கள். இன்ஜின் எவ்வளவு உதறினாலும் பெட்டி தன் பாட்டுக்கு மெத்தையில் இருந்தது. அம்மா ஒரு டம்ளர் தண்ணீரை அதன் மேல் வைத்துக் காட்டினாள். சிந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரி அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் மக்ரூன், அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த வாசனையோடு. அவரே பெட்டியில் அடுக்கினார். "சாயர்புரம் வரைக்கும் போயிட்டு வாங்க. பாப்போம்" என்றார். அப்பாவும் அம்மாவும் போனார்கள். நான் வாசலில் நின்றுகொண்டேன். மாமா உள்ளே மாதா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டார். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

வண்டி திரும்பி வந்தது. அம்மா இறங்கித் தள்ளி நின்றாள். அப்பா வண்டியில் உட்கார்ந்தபடியே, இன்ஜினை அணைக்காமல், குனிந்து முன் பக்கத்து போல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பின்னால் போய்ப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு அடுக்காகத் தூக்கிப் பார்த்தார். ஒரே ஒரு மக்ரூனுக்கு மட்டும் கூர் போயிருந்தது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பெட்டியை மூடிக்கொண்டே, "திங்கக்கெழம காலம்பற வந்துருங்க தம்பி" என்றார்.

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னார்.

அப்பா போல்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பவில்லை. போச்சு, எல்லாம் போச்சு. அம்மா அவர் தோளைத் தட்ட ஓடினாள். அண்ணாச்சி கையைக் காட்டி அவளை நிறுத்தினார். மெல்ல நடந்து, சூடான சைலன்சரைச் சுற்றிக்கொண்டு, வண்டிக்கு முன்னால் வந்தார். ஹெட்லைட்டில் கையை ஊன்றி, அப்பா தானாக நிமிர்கிற வரைக்கும் காத்திருந்தார். அப்பா நிமிர்ந்தார். அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்து வாயில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்தார், வாய் தெளிவாகத் தெரியும்படி. ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாகச் சொன்னார்.

"திங்கக்கெழம. காலம்பற. வந்துருங்க தம்பி."

"வாரேன் அண்ணாச்சி" என்றார் அப்பா, தெருவுக்கே கேட்கிற குரலில்.